நோயாளி உட்காரும் ஓவியம்

நவஹோ மக்கள் கட்டும் ஹோகன் என்ற வீட்டுக்கு வாசல் ஒன்றுதான். அது கிழக்கு பார்த்திருக்கும். சிகிச்சைச் சடங்கு நடக்கும் நாளில் சாமான்களை ஒதுக்கிவிட்டு, வெளிறிய பழுப்பு மணலைத் தரையில் கொட்டிப் பரப்புகிறார்கள். தறியில் ஊடை நூலை அடித்து இறுக்கும் மரப்பட்டையால் அதைச் சமன்செய்கிறார்கள். பிறகு சிலர் சுற்றிக் குனிந்து உட்கார்ந்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படம் போடத் தொடங்குகிறார்கள். வெள்ளைக்கு ஜிப்சம், மஞ்சளுக்குக் காவிமண், சிவப்புக்குச் செம்மணற்கல், கறுப்புக்குக் கரி. எல்லாம் கல்லில் அரைத்த பொடி. கரியோடு வெள்ளைப் பொடியைக் கலந்தால் சாம்பல் படிந்த நீலம் கிடைக்கும். பொடியைக் கையில் அள்ளி, மடக்கிய சுட்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையே கசியவிட்டுக் கோடாக விழவைக்கிறார்கள். வாசலில் மாவுக்கோலம் இழுக்கும் கையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த அசைவு புதிதில்லை. கோடு பிசகினால் அழிப்பதில்லை. அந்த இடத்தில் அடித்தள மணலைத் தூவி மூடிவிட்டு, அதன்மேல் மறுபடி போடுகிறார்கள்.

படத்தில் மக்காச்சோளம், அவரை, பூசணி, புகையிலை என்ற நான்கு புனிதப் பயிர்கள் இருக்கும். மலைகள், மின்னல், பாம்பு. நவஹோ மரபின் தெய்வங்களான புனித மாந்தர்கள் நெடிது நிற்பார்கள். மூன்று பக்கமும் வானவில் ஒன்று காவலாகச் சுற்றி வளைந்திருக்கும். கிழக்குப் பக்கம் மட்டும் திறந்திருக்கும். ஆறடி அகலப் படம் என்றால் பலர் கூடிப் பல மணி நேரம் செய்ய வேண்டிய வேலை. அத்தனை உழைப்பும் முடிந்ததும் நோயாளி உள்ளே வந்து அந்தப் படத்தின் மேலேயே உட்காருகிறார்.

சடங்கை நடத்தும் பாடகருக்கு ஹதாலி என்று பெயர். அவர் பாடிக்கொண்டே, மருந்துநீரில் நனைத்த கையைப் படத்திலுள்ள புனித மாந்தரின் பாதத்தில் ஒற்றுகிறார். கையில் ஒட்டிய மணலை நோயாளியின் பாதத்தில் வைக்கிறார். முழங்காலில் எடுத்தது முழங்காலுக்கு, தோளில் எடுத்தது தோளுக்கு, தலையில் எடுத்தது தலைக்கு. படத்திலிருக்கும் வலிமை உடம்புக்குள் ஏறுகிறது, உடம்பிலிருக்கும் கேடு மணலுக்குள் இறங்குகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. கேடு இறங்கிய மணலை வைத்திருக்க முடியுமா? அன்றைக்கே படத்தைக் கலைத்து, மணலை வாரி வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறார்கள். பெரிய சடங்குகளில் ஒன்றான இரவுச் சடங்கு ஒன்பது இரவுகள் நீளும். பாம்புகள் உறங்கப்போன குளிர்காலத்தில்தான் அதை நடத்தலாம். எந்தச் சடங்கு தேவை என்று சொல்பவர் ஹதாலி அல்லர். அதற்குத் தனி ஆட்கள் உண்டு. கை நடுங்க, தன்னை மறந்த நிலையில் நோயின் காரணத்தைக் கண்டறிந்து சொல்பவர்கள் அவர்களில் ஒரு வகையினர்.

அரிசோனா, நியூ மெக்ஸிகோ, யூட்டா என்ற மூன்று மாநிலங்களில் பரந்திருக்கும் நவஹோ தேசத்தில் இது இன்றும் நடக்கும் மருத்துவம். கலைச் சிகிச்சையைப் பற்றிய இந்த நூலில் இதற்குத் தனி அத்தியாயம் கொடுப்பதற்குக் காரணம், அந்தத் துறையின் அடிப்படை நம்பிக்கை ஒன்றை இது அசைத்துப் பார்ப்பதுதான்.

அந்த நம்பிக்கை பிறந்த இடமும் ஒரு நோய்ப் படுக்கைதான். ஆங்கிலேய ஓவியர் ஏட்ரியன் ஹில் 1938இல் காசநோயோடு சசெக்ஸில் உள்ள சானடோரியத்தில் சேர்ந்தார். படுத்தபடியே கண்ணெதிரே இருந்த பொருள்களை வரைந்தார், மனம் தேறியது. பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கும், போரில் அடிபட்டு வந்து சேர்ந்த சிப்பாய்களுக்கும் வரையச் சொல்லிக் கொடுத்தார். 1942இல் 'ஆர்ட் தெரபி' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க், வாயால் சொல்ல முடியாததை ஆழ்மனம் படமாகச் சொல்கிறது, அதற்கு நோயாளியே பொருள் சொல்லட்டும் என்றார். வியன்னாவில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி நியூயார்க் வந்த எடித் கிரேமர், பொருள் காண்பது இரண்டாம்பட்சம், உருவாக்கும் வேலையே மருந்து என்றார். இருவருக்கும் ஒத்துப்போகாதது நிறைய. ஆனால் வரைபவர் நோயாளிதான், வரையப்படுவது அவருடைய உள்ளம்தான் என்பதில் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

ஹோகனில் இவை இரண்டுமே கிடையாது. நோயாளி ஒரு கோடுகூடப் போடுவதில்லை. படத்தில் அவருடைய கனவோ பயமோ இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த, இஷ்டத்துக்கு மாற்றக் கூடாத வடிவம் அது. அப்படியிருந்தும் சடங்கு முடிந்து எழுபவர் தேறிவிட்டதாகச் சொல்கிறார், சுற்றியிருப்பவர்களும் அதை ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியானால் ஆற்றுவது எது?

ஆய்வாளர்கள் பெரும்பாலும் அளந்தது வரையும் கையைத்தான். பிலடெல்பியாவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் உடன் பணியாற்றியவர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. 18 முதல் 59 வயதுவரை உள்ள 39 பேருக்குக் களிமண், ஸ்கெட்ச் பேனா, ஒட்டுப்படத்துக்கான தாள்கள் எல்லாம் கொடுத்து 45 நிமிடம் விருப்பம்போல் எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சிலில் கார்ட்டிசாலை அளந்தார்கள். மன அழுத்தத்தின்போது அட்ரீனல் சுரப்பி விடும் ஹார்மோன் அது. ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. வரைந்து பழகியவர், பழகாதவர் என்ற வேறுபாடு தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்த இன்னொரு குழுவோடு ஒப்பிடவில்லை என்பது இந்த ஆய்வின் பெரிய குறை. 45 நிமிடம் ஜன்னலோரம் ஓய்வாக உட்கார்ந்திருந்தாலும் இதே அளவு குறைந்திருக்குமோ என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை.

மண்டலம் என்ற வட்டச் சித்திர வடிவத்தை வைத்து நடந்த சோதனைகளில், சும்மா இருந்தவர்களோடு இல்லாவிட்டாலும், குழுக்களுக்கிடையே ஒப்பீடு உண்டு. 2005இல் கரி, காஸர் என்ற ஆய்வாளர்கள் 84 கல்லூரி மாணவர்களை முதலில் தங்களைப் பயமுறுத்திய ஓர் அனுபவத்தைப் பற்றி எழுதச் சொல்லிப் பதற்றப்படுத்தினார்கள். பிறகு அவர்களை மூன்றாகப் பிரித்து, சிலருக்கு மண்டல வரைபடம், சிலருக்குக் கட்டம்போட்ட கோடுகள், சிலருக்கு வெற்றுத் தாள் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். வெற்றுத் தாள் கிடைத்தவர்களுக்குப் பதற்றம் அவ்வளவாகக் குறையவில்லை. மண்டலத்துக்கும் கட்டங்களுக்கும் வண்ணம் தீட்டியவர்களுக்குக் குறைந்தது, அதுவும் இரு குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில். 2012இல் வேறு ஆய்வாளர்கள் 50 பேரை வைத்து இதைத் திரும்பச் செய்தபோது மண்டலம் கட்டங்களை முந்தியது. முடிவுகள் முழுக்க ஒத்துப்போகாவிட்டாலும் ஒன்று தெளிவாகிறது. கலங்கிய மனதுக்கு வெற்றுத் தாள் ஒரு சுமை. எதை வரைவது, எங்கே தொடங்குவது என்று ஒவ்வொரு நொடியும் அது முடிவு கேட்கிறது. எல்லை வகுத்த, ஓரளவு சிக்கலான, ஒழுங்கு திரும்பத் திரும்ப வரும் வடிவம் கவனத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பயம் புகுந்து ஓட இடம் குறைகிறது. பாரம்பரியக் கலைகளில் பெரும்பாலானவை இத்தகைய வடிவங்களே. சுதந்திரமாக வரைவதே நலம் தரும் என்று நெடுங்காலம் நம்பிய ஒரு துறைக்கு இது முக்கியமான செய்தி.

ஆனாலும் இது ஹோகனை விளக்கவில்லை. அங்கே கை நோயாளியுடையதல்லவே.

ஹார்வர்டில் பொய்மருந்தின் வேலையை ஆராயும் டெட் காப்ச்சக் இதை வேறு பக்கத்திலிருந்து அணுகினார். 2008இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், எரிச்சல் குடல் தொல்லையால் அவதிப்பட்ட 262 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தார்கள். இரண்டாம் பிரிவினருக்குத் தோலைத் துளைக்காமல் உள்ளே மடங்கிக்கொள்ளும் பொய் ஊசியால் அக்குபங்சர். வைத்தியர் அதிகம் பேச மாட்டார். மூன்றாம் பிரிவினருக்கும் அதே பொய் ஊசிதான், ஆனால் வைத்தியர் அருகில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கனிவாகக் கேட்டார், நம்பிக்கை சொன்னார், பேசாமல் கூடவே இருந்தார். மூன்று வாரத்தில் தேவையான நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் முதல் பிரிவில் 28 சதவீதம், இரண்டாவதில் 44, மூன்றாவதில் 62. ஊசியில் மருந்து என்று எதுவுமே இல்லாத இடத்தில், இரண்டாம் பிரிவுக்கும் மூன்றாம் பிரிவுக்கும் இடையிலான வித்தியாசம், இன்னொரு மனிதர் நேரம் ஒதுக்கிக் கவனித்தது செய்த வேலை.

அதே காப்ச்சக் 2011இல் நவஹோ சடங்கையும் அக்குபங்சரையும் நவீன மருத்துவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரை எழுதினார். எனக்கு அதில் பிடித்தது, மூன்றையுமே சடங்காகப் பார்க்கும் நேர்மை. அந்தக் கண்ணோடு ஹோகனுக்குள் திரும்பிப் பார்த்தால், படத்தில் உட்கார்ந்திருப்பவர் தனியாக இல்லை என்பது முதலில் தெரியும். உறவுக்காரர்கள் கூடியிருக்கிறார்கள். சமையல் நடக்கிறது. சடங்குக்கான செலவைக் குடும்பம் சேர்ந்து சுமந்திருக்கிறது. இத்தனை பேர் காலையிலிருந்து முதுகு வலிக்கக் குனிந்து போட்ட படம் தனக்காக என்பதும், தன் உடம்பு பட்டால் அது கலைந்துபோகும் என்று தெரிந்தே போட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். முன்பு புனித மாந்தர் ஒருவர் நொந்து விழுந்து மீண்ட கதை பாட்டாக ஓடுகிறது. அந்தக் கதையின் நடுவில்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார். தன் துன்பத்துக்கு ஒரு முன்கதை இருக்கிறது, அந்த முன்கதைக்கு ஒரு முடிவும் இருக்கிறது என்பதைக் கண்ணாலும் காதாலும் தோலாலும் அறிகிறார். பாரம்பரியக் கலை ஆற்றுகிறது என்றால், இத்தனையும் ஒன்றுசேர்ந்துதான் ஆற்றுகின்றன என்று உறுதியாக நம்புகிறேன். படத்தை மட்டும் தனியே உருவி எடுத்தால் கையில் மிஞ்சுவது வண்ணப் பொடிதான்.

இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 2011இல் வந்த இன்னோர் ஆய்வில் ஆஸ்துமாக்காரர்களுக்கு அசல் இன்ஹேலர், பொய் இன்ஹேலர், பொய் அக்குபங்சர் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றிலுமே மூச்சு ஏறத்தாழ ஒரே அளவு சுலபமானதாக நோயாளிகள் உணர்ந்தார்கள். ஆனால் கருவியில் ஊதி அளந்தபோது அசல் மருந்தில் 20 சதவீத முன்னேற்றம் இருந்தது, மற்றவற்றில் 7 சதவீதம் அளவுக்குத்தான். சடங்கு வேதனையைக் குறைக்கும். இறுகிய மூச்சுக்குழாயைத் திறக்காது. இதை நவஹோ மக்களுக்கு வெளியிலிருந்து யாரும் வந்து கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. 1951இல் நவஹோ பழங்குடி மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆனி வாவ்னிகா, காசநோய் தன் மக்களை அரித்துக்கொண்டிருந்த காலத்தில் ஊர் ஊராகப் போனார். ஹதாலிகளை ஒதுக்கிவிட்டு மருத்துவமனைக்கு ஆள் சேர்க்க அவர் முயலவில்லை. அவர்களோடு உட்கார்ந்து பேசி, கிருமி என்றால் என்னவென்று விளக்கி, இருமலோடு வருபவரை மருத்துவமனைக்கும் அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். சடங்கும் மாத்திரையும் ஒரே நோயாளிக்குச் சேர்ந்தே கிடைக்க வழி பிறந்தது. 1963இல் அமெரிக்காவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

கலைச் சிகிச்சையாளர்கள் உலகக் கலைகளைத் தேடிப் போன கதை மனநல மருத்துவர் கார்ல் யூங்கிடமிருந்து வருகிறது. முதல் உலகப்போரின் இறுதியில் அவர் ஸ்விட்சர்லாந்தில் ஒரு முகாமின் பொறுப்பாளராக இருந்தபோது தினமும் காலையில் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வட்டச் சித்திரம் வரைந்தார். அன்றன்றைய மனநிலை அதில் பதிவதாக அவருக்குத் தோன்றியது. அந்தச் சித்திரங்களுக்கு மண்டலம் என்ற பெயரை ஆசியாவிலிருந்து எடுத்துக்கொண்டார். யூங் தன் வட்டத்தைத் தானே வரைந்தார், அதில் யாருக்கும் இழப்பில்லை. பின்னால் வந்த பயிற்சிப் பட்டறைகளில்தான் சிக்கல் தொடங்கியது. ஓஜிப்வே மக்கள் குழந்தைக்குக் காவலாகக் கட்டும் கனவுவலை, திபெத்தியத் துறவிகளின் மண்டலம், எங்கோ ஓர் ஊரின் முகமூடி எல்லாம் ஒரு மதிய வேளைப் பயிற்சியாகச் சுருங்கின. அவற்றுக்கு உரியவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதற்கு நவஹோ வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. ஹொஸ்டீன் கிளா (1867–1937) பெரிய ஹதாலி, நெசவாளரும்கூட. மணற்படங்களை நிலைத்த வடிவத்தில் வைக்கக் கூடாது என்ற விதியை மீறி அவற்றைக் கம்பளங்களாக நெய்தார். பார்வை போய்விடும் என்று அவருடைய மக்கள் அஞ்சினார்கள். வழக்கம் அழிந்துகொண்டிருந்த காலத்தில் அதைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அது. மேரி கபோட் வீல்ரைட் என்ற செல்வந்தப் பெண்மணியோடு சேர்ந்து அவர் திட்டமிட்ட அருங்காட்சியகம் 1937இல் சான்டா ஃபே நகரில் திறந்தது. 1977இல் அதே அருங்காட்சியகம் தன்னிடமிருந்த மருந்து மூட்டைகளை நவஹோ மக்களிடமே திருப்பிக் கொடுத்தது. அவை மறுபடி சடங்குகளில் புழங்க வேண்டியவை என்பதால். இன்று சுற்றுலாக் கடைகளில் பலகையில் ஒட்டிய மணற்படங்கள் விற்கிறார்கள். அவற்றைச் செய்யும் நவஹோ கலைஞர்கள் ஒரு நிறத்தை மாற்றியோ, ஓர் உறுப்பை விட்டோதான் செய்கிறார்கள். வாங்குகிறவர் கையில் இருப்பது அழகான படம். சிகிச்சைக்குரிய படம் அல்ல. அந்த வித்தியாசத்தை அவர்கள் கவனமாகக் காப்பாற்றுகிறார்கள்.

பாரம்பரியக் கலை மாறவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. லாவோஸ் மலைகளில் வாழ்ந்த மோங் பெண்களின் துணிவேலை நுணுக்கமான வடிவக் கணிதம்: நத்தைச் சுருள், சதுரத்துக்குள் சதுரம், ஒரு துணியை வெட்டி மடித்து அடித்துணியைக் காட்டும் தையல். அதில் மனித உருவம் இல்லை. அந்த மக்களில் பலர் அமெரிக்க உளவுத்துறைக்காகப் போரிட்டவர்கள்; 1975க்குப் பிறகு உயிருக்குத் தப்பி மேகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்கு வந்தார்கள். பான் வினாய் போன்ற முகாம்களில் துணியின் முகமே மாறியது. விமானங்கள், எரியும் வீடுகள், சிப்பாய்கள், மூங்கில் கழிகளைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் நீந்தும் குடும்பங்கள் நீலத் துணியில் நூலால் வந்து அமர்ந்தன. பல துணிகளுக்கு ஆண்கள் உருவங்களை வரைந்து கொடுத்தார்கள், பெண்கள் தைத்தார்கள். விற்றுப் பணம் பார்க்கத்தான் செய்தார்கள்; அதில் குறையொன்றும் இல்லை. பாட்டியிடமிருந்து வந்த தையலையும் ஊசி பிடிக்கும் முறையையும் விடாமல், பாட்டிக்குத் தெரியாத துயரத்தை அதற்குள் கொண்டுவந்தார்கள். மினசோட்டாவிலும் கலிஃபோர்னியாவிலும் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த ஆற்றைக் காட்ட அந்தத் துணி உதவியது. கலையை மாற்றும் உரிமை யாருக்கு உண்டோ அவர்களே மாற்றினார்கள் என்பதுதான் இதற்கும் பட்டறைக் கனவுவலைக்கும் உள்ள தூரம்.

நம் ஊரில் இதைப் பயன்படுத்த நினைப்பவர்கள் முதலில் கோலத்தைத்தான் நினைப்பார்கள். மேலே சொன்ன சோதனைகளின்படி பார்த்தால் அதில் எல்லாமே இருக்கிறது. புள்ளி எல்லை வகுக்கிறது, சிக்குக்கோலத்தின் கம்பி கவனத்தைப் பிடித்துக்கொள்கிறது, உடம்பு குனிந்து நகர்கிறது. ஆனால் கோலத்துக்கும் நாள் உண்டு, விலக்கு உண்டு. சாவு விழுந்த வீட்டு வாசலில் கோலம் போட மாட்டார்கள். திதியன்று காரியம் முடியும்வரை வாசல் வெறுமையாகவே இருக்கும். தெருவில் போகிறவர்கள் அந்த வெற்று வாசலைப் பார்த்தே செய்தியைப் புரிந்துகொள்வார்கள். கணவரை இழந்து மூன்றாம் வாரத்தில் ஆலோசனைக்கு வரும் பெண்ணிடம் கோலமாவுக் கிண்ணத்தை நீட்டும் சிகிச்சையாளர், நல்லெண்ணத்தோடுதான் நீட்டுவார். அது அவருக்கு எவ்வளவு பெரிய அடியாக விழும் என்பது நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். மங்கலக் காரியம் எதிலிருந்தும் ஒதுக்கப்பட்ட இன்னொரு பெண்ணுக்கோ, அதே கிண்ணம் பல வருடம் காத்திருந்த ஒன்றாக இருக்கலாம். இரண்டில் எது என்பதைச் சொல்லக் கூடியவர் அவர் மட்டுமே. அதனால் மரபுக் கலையை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது: இதை உங்கள் வீட்டில் யார் போடுவார்கள், எப்போது போட மாட்டார்கள்?

கேட்பதோடு நின்றுவிடாத ஒரு முயற்சி அரிசோனாவின் ரஃப் ராக் பள்ளியில் 1969இல் தொடங்கியது. மூத்த ஹதாலிகள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெரிய சடங்கின் பாட்டுகளையும் மணற்படங்களையும் பிழையில்லாமல் மனப்பாடம் செய்ய ஆண்டுக்கணக்காகும். குடும்பம் உள்ள இளைஞர்களால் அத்தனை காலம் வருமானமில்லாமல் ஒருவர் பின்னால் போக முடியவில்லை. ஊரார் தாங்களே திட்டம் போட்டு, அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்திடம் நிதி கேட்டார்கள், கிடைத்தது. கற்பிக்கும் பெரியவர்களுக்கும் கற்கும் சீடர்களுக்கும் அதிலிருந்து ஊதியம் போனது. ராபர்ட் பெர்க்மன் என்ற மனநல மருத்துவர் அங்கே போய் நவீன மருத்துவம் பற்றிப் பேசினார், அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டார். ஒருமுறை அவர் மனவசியம் செய்து காட்டினார். கைநடுக்கத்தால் நோயறிபவர்கள் புகும் நிலையோடு அதை அவர்கள் ஒப்பிட்டுப் பேசினார்கள். இந்த அனுபவத்தை அவர் 1973இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் கட்டுரையாக வெளியிட்டார். கலைச் சிகிச்சை என்ற பெயரில் இன்று ஒதுக்கப்படும் பணத்தில் ஒரு பங்காவது, படம் போடத் தெரிந்த பெரியவர்களுக்கும் அவர்களிடம் கற்கும் இளையவர்களுக்கும் இப்படி நேராகப் போய்ச் சேர வேண்டும் என்பது என் விருப்பம்.